மஞ்சள் தொட்ட சிட்டம்

சேவூர்
9.6.2024

அன்புள்ள பானுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்ற நினைப்போடு ஆரம்பிக்கிறேன். இங்கே உன் அண்ணன் சௌக்கியம். இரண்டு தறியும் ஓடுகின்றன. நானும் நடமாடுகிறேன்.

ஆரணிப் பக்கத்துச் சேவூருக்கும் ஐதராபாத்துக்கும் நடுவில் இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் பேசினால் அபி பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். எட்டு வயசுப் பிள்ளைக்குக் காது எட்டூருக்குக் கேட்கிறது. மெசேஜ் அனுப்பலாம் என்றால் போனே அவள் கையில்தான். காலை அசைக்காதே என்று சொல்லிவிட்டு அதையும் பிடுங்க மனசு வரவில்லை. போன வாரம் உனக்குப் பாதி டைப் செய்து வைத்ததைப் படித்துவிட்டு, "எலும்ப எங்க இருந்தும்மா எடுக்கப் போறாங்க, முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டாள். அதோடு விட்டேன். தபால் பெட்டி இன்னும் தெருமுனையில்தான் இருக்கிறது.

விஷயம் உனக்குப் பாதி தெரியும். மார்ச்சில் சைக்கிளிலிருந்து விழுந்தாளே, முழங்காலுக்குக் கீழே பட்ட அந்தக் காயம் சீழ் பிடித்து எலும்புக்குள் இறங்கிவிட்டது. மே 28 அன்று வேலூரில் டாக்டர் ஹேமநாத் செத்துப்போன எலும்பை வெட்டி எடுத்தார். இரண்டு விரற்கடை இடைவெளி, பானு. அந்த இடத்தில் மருந்து கலந்த சிமெண்ட் வைத்து, வெளியே கம்பி போட்டுக் காலைப் பிடித்திருக்கிறார்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் சிமெண்டைச் சுற்றி ஒரு தோல் மாதிரி வளருமாம். அப்புறம் திறந்து, சிமெண்டை எடுத்துவிட்டு, இடுப்பு எலும்பைச் சுரண்டி அங்கே நிரப்புவார்களாம். ஜூலை 22 தேதி கொடுத்திருக்கிறார்.

பழுது காலில். அதற்கு நன்றாக இருக்கிற இடுப்பையும் வெட்ட வேண்டுமா? இதைத்தான் அபிக்குக் கேட்காமல் யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது.

நீ பொங்கலுக்கு வந்தபோது சொன்னாயே, உங்கள் ஆராய்ச்சியில் பட்டிலிருந்து பஞ்சு மாதிரி ஒன்று செய்து, அதில் எலும்பு வளர்க்கிற மருந்தை வைக்கிறோம் என்று. அன்றைக்கு வடை சுட்டுக்கொண்டே பாதிதான் கேட்டேன். மீதியை எழுது. மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நான் கணக்குப் படித்தவள், உயிரியல் படித்தவள் இல்லை.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அண்ணி ஸ்வர்ணலதா


ஐதராபாத்
17.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் சுகம். உங்க கடிதத்தை ஹாஸ்டல் வாட்ச்மேன் ஏதோ கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து, "எப்போ மேடம்?" என்று கேட்டுக் கொடுத்தார். அபிக்கு வலி எப்படி இருக்கிறது? இரவில் தூங்குகிறாளா?

கேட்டதைச் சொல்கிறேன். உடம்பில் சில புரதங்கள் இருக்கின்றன. எலும்பு உடைந்த இடத்தில் அவை போய், "இங்கே எலும்பு கட்டுங்க" என்று சுற்றியிருக்கும் செல்களுக்குச் சொல்லும். வளர்ச்சிக் காரணி என்று பெயர். இடைவெளி பெரிதாக இருந்தால் உடம்பு அனுப்புவது போதாது. சரி, நாமே ஊசியில் போடலாம் என்றால் ரத்தத்தோடு போய்விடும். அதனால் ஒரு பஞ்சில் ஏற்றி அந்த இடைவெளியில் வைக்க வேண்டும். பஞ்சு அதை நாள்கணக்கில், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அப்புறம் பஞ்சே கரைந்துபோய் எலும்புக்கு இடம் கொடுக்க வேண்டும். எங்கள் பஞ்சு பட்டுப் புரதத்தில் செய்தது.

சிக்கல் எதில் தெரியுமா? ஒரு மாத மளிகையை முதல் இரண்டு நாளிலேயே சமைத்துக் கொட்டுகிற வீடு மாதிரி, எங்கள் பஞ்சு பெரும்பங்கை இரண்டே நாளில் வெளியே தள்ளிவிடுகிறது. நாலு வருஷமாக இதோடுதான் மல்லுக்கட்டு. இது மட்டும் சரியானால் ஒருநாள் அபி மாதிரிப் பிள்ளைகளுக்கு இடுப்பை வெட்டும் வேலையே இருக்காது.

அண்ணி, ஓர் உதவி. எங்களுக்கு வரும் பட்டுக்கூடு இந்த மாதம் வரவில்லை. நூலாகவே வாங்கி முயன்று பார்க்கலாம் என்று ரத்னமாலா மேடம் சொன்னார்கள். அவர்கள்தான் எங்கள் ப்ரொபசர், நம்ம பக்கத்து ஜைனர். பட்டுக்குப் புழு சாகிறது என்று புடவையாகக் கட்டமாட்டார்கள். ஆனால் இருபது வருஷமாகப் பட்டில்தான் ஆராய்ச்சி. நம்ம ஊர் சாயப்பட்டறையில் சோடாவில் வேகவைத்துப் பசை எடுத்த வெள்ளைப் பட்டு நூல் ஒரு கட்டு, ஒரே ஒரு சிட்டம், அனுப்ப முடியுமா? சாயம் கூடாது. கஞ்சி கூடாது. எண்ணெய் கூடாது.

அண்ணனுக்கும் அபிக்கும் என் அன்பு.

பானுப்ரியா


சேவூர்
26.6.2024

அன்புள்ள பானு,

உன் கடிதம் கைக்கு வந்து, அதை நாலு தடவை படித்த பிறகு எழுதுகிறேன். நலம்தானே?

சிட்டம் இதோடு வருகிறது. சாயப்பட்டறையில் பழனியிடம் நானே போய் நின்று வாங்கினேன். "ஒரு சிட்டம் வெள்ளையாவா? எதுக்கு, பொம்மைக்குப் புடவையா?" என்று கேட்டார். பானு கேட்டாள் என்று சொன்னதும் இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தார். உனக்கு ஊரில் அவ்வளவு மரியாதை. சாயம் இல்லை, கஞ்சி இல்லை, எண்ணெய் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் ஏழு தடவை அலசி, நிழலில் உலர்த்தி, புது வெள்ளைத் துணியில் சுற்றியிருக்கிறேன்.

பஞ்சு செய்ய எத்தனை நாள் ஆகும்? அதில் மருந்து ஏற்ற எத்தனை நாள்? தேதி போட்டு எழுது.

அபிக்கு ராத்திரியில் வலி குறைந்திருக்கிறது. கம்பிக்குப் பேர் வைத்திருக்கிறாள். மேல் கம்பி இன்ஸ்பெக்டர், கீழ்க் கம்பி ஏட்டு. அவளைப் பார்க்க வந்த தோழியிடம், "என் கால் லாக்கப்புல இருக்குது, ஜாமீன் கிடைக்கல" என்று சொல்லிகினு இருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணைத் துடைக்க அடுக்களைக்குப் போயும் விட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஐதராபாத்
11.7.2024

அன்பு அண்ணி,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலத்துக்கும் மேலே.

உங்க பட்டைக் கரைத்துப் பஞ்சு செய்தாயிற்று. எலும்புப் புரதத்தில் பச்சையாக ஒளிரும் ஒரு பொருளை ஒட்டி, பஞ்சில் ஏற்றி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டோம். தினமும் தண்ணீரை எடுத்து, எவ்வளவு ஒளிர்கிறது என்று கருவி அளக்கும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு புரதம் வெளியே வந்திருக்கிறது என்று கணக்கு. அண்ணி, ஐந்து நாளாகக் கோடு மெதுவாக, அழகாக ஏறிக்கொண்டே இருக்கிறது. வழக்கம்போல மூணாம் நாள் படுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாளும் வந்துகொண்டிருக்கிறது. நாலு வருஷத்தில் இப்படி ஒரு கோடு நான் பார்த்ததில்லை. நேற்று எல்லார் முன்னாலும் காட்டினேன். ஆரணிப் பட்டு என்று ஸ்லைடில் பெரிசாகப் போட்டேன்.

இன்னும் மூணு வாரம் பார்க்க வேண்டும். அப்புறம் எலிகள்.

22-ம் தேதிக்கு யார் துணைக்கு வருகிறார்கள்? நான் லீவு சொல்லட்டுமா?

மிகுந்த சந்தோஷத்தோடு
பானு


சேவூர்
20.7.2024

அன்புள்ள பானு,

உன் சந்தோஷம் உறையைப் பிரிக்கும்போதே கையில் ஒட்டியது. நீ நல்லா இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை அபியின் எக்ஸ்ரே உறையிலேயே வைத்திருக்கிறேன். உறையின் மேல் அபிதகுசாம்பாள் என்ற அவள் முழுப் பேரில் அபிதகுசா வரைக்கும்தான் இடம் இருந்தது. மீதி உள்ளே இருக்கிறது என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆபரேஷன் தேதி தள்ளிப் போயிருக்கிறது. நீ லீவு எதுவும் சொல்ல வேண்டாம்.

ஆடி பிறந்துவிட்டது. தெருவில் கூழ் ஊற்றினார்கள். உனக்குப் பிடித்த முருங்கைக்கீரை இந்த வருஷம் தழைத்துக் கிடக்கிறது. உன் அண்ணன் தறியில் இப்போது முகூர்த்தப் புடவை, அரக்கு உடம்பு, பச்சை பார்டர்.

மூணு வாரம் என்றால் ஆகஸ்ட் முதல் வாரம்தானே? எலிக்கு எத்தனை நாள்? இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாதா?

அண்ணி


ஐதராபாத்
2.8.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்காதீங்க. எலிக்குப் போகுமுன் ஒரு சோதனை உண்டு. புரதமே ஏற்றாத வெறும் பஞ்சையும் அதே மாதிரி ஊறவைத்து அளக்க வேண்டும். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். நேற்றுச் செய்தேன். வெறும் பஞ்சும் ஒளிர்கிறது. அதே பச்சை, அதே மெதுவான கோடு. அப்படியென்றால் நான் இத்தனை நாளாக அளந்தது புரதத்தை அல்ல. உங்க நூலில் இருந்த வேறு எதையோ.

மேடம் திட்டவில்லை. "ஸ்லைட எடுத்துடு" என்று மட்டும் சொன்னார்கள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

பழனி அண்ணன் பட்டறையில் சாயத் தொட்டி ஏதாவது பட்டதா? நீங்க எதிலாவது நனைச்சீங்களா? என்னவென்று தெரிந்தால் போதும், மேற்கொண்டு போகலாம்.

இன்னொன்று. தேதி தள்ளிப் போயிருக்கிறது என்று எழுதியிருந்தீங்க. டாக்டர் தள்ளினாரா? ஏன்? புதுத் தேதி எது?

பானு


ஐதராபாத்
20.8.2024

அண்ணி,

பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. போனில் கேட்டால், "எல்லாம் நல்லா இருக்குது, கடுதாசி எழுதறேன்" என்கிறீங்க. அண்ணன், "தேதி இன்னும் வரலையாம்" என்கிறார். நூலுக்காகக் கோபம் எதுவும் இல்லை. அபியின் தேதியை மட்டும் சொல்லுங்க.

பானு


சேவூர்
25.8.2024

பானு,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் நன்றாக இரு.

பழனி அண்ணன் மேல் தப்பில்லை. அது மஞ்சள்.

நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். நல்ல காரியத்துக்குப் போகிற பட்டை வெறுமனே வெளியே விடமாட்டோம். முகூர்த்தப் புடவைக்குப் பாவு நூல் ஏற்றும்போது முதல் இழையில் மஞ்சள் தொட்டு வைத்தால்தான் உன் அண்ணன் தறியில் உட்காருவார். நீ சாயம் கூடாது என்றாய். மஞ்சளைச் சாயம் என்று என் புத்தியில் யாரும் போடவில்லை. அது மஞ்சள், அவ்வளவுதான். ஓர் இழையில் தொடுவதற்கு மனசு போதாமல், ஒரு குண்டான் தண்ணீரில் கரைத்து முழுச் சிட்டத்தையும் முக்கினேன். அப்புறம்தான் உன் கடிதம் ஞாபகம் வந்து, நிறம் போகும் வரைக்கும் ஏழு தண்ணீர் அலசினேன். வெள்ளையாகத்தான் இருந்தது. போய்விட்டது என்று நினைத்தேன்.

ஓர் இழை ஏன் போதவில்லை என்று நீ கேட்பாய். அது அபியின் காலுக்குள் போகப்போகிற பட்டு என்று நினைத்துத்தான் முக்கினேன்.

தேதியை டாக்டர் தள்ளவில்லை. நான்தான் தள்ளினேன். ஜூலை 22-க்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. ஆகஸ்ட் 12 கொடுத்தார். ஆடி மாசம், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. உன் அண்ணனிடம், ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் கோடு அழகாக ஏறுகிறது என்று எழுதினாயே. இன்னும் மூணு வாரம் பொறுத்தால் இடுப்பை வெட்டாமல் முடியுமே என்று பார்த்தேன். உன் அடுத்த கடிதம் வந்ததும், நான் எதற்குக் காத்திருந்தேனோ அதை நானே கெடுத்தேன் என்று தெரிந்தது. அப்புறம் உனக்கும் எழுத முடியவில்லை, டாக்டருக்கும் போன் செய்ய முடியவில்லை.

சிமெண்ட் வைத்து இன்றைக்குப் பன்னிரண்டு வாரமும் ஐந்து நாளும். கணக்கு மட்டும் எனக்குத் தப்பாது.

ஸ்வர்ணா


ஐதராபாத்
29.8.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கால்மணி நேரம் முன்னால் போனில் சத்தம் போட்டுவிட்டேன். நீங்க "ம்", "சரி", "ம்" என்றே சொன்னதில் அபி பக்கத்தில் இருக்கிறாள் என்று புரிந்தது. அதனால் மீதியை எழுதுகிறேன். இது வருவதற்குள் நீங்க டாக்டரிடம் பேசியிருப்பீங்க. பேசியிருக்க வேண்டும்.

தப்பு என்னிடமிருந்துதான் ஆரம்பம். ஜூன் மாதமே நான் எழுதியிருக்க வேண்டிய வரி இது: நாங்கள் செய்வது அபிக்கு இல்லை. இப்போது எலிகூட இல்லை, கண்ணாடிக் குப்பிதான். எலி சரியாக வந்தால் அப்புறம் முயல், ஆடு, அப்புறம் பெரியவர்களில் சிலர். பத்து வருஷம் ஆகலாம். வளரும் எலும்பு உள்ள குழந்தைகளுக்கு இந்தப் புரதத்தைக் கொடுக்க டாக்டர்களே யோசிப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் "ஒருநாள் அபி மாதிரிப் பிள்ளைகளுக்கு" என்று அழகாக எழுதினேன். ஏன் என்றால், நாலு வருஷத்தில் என் வேலையைப் பற்றி இவ்வளவு ஆசையாகக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். அந்த ஆசையைக் கெடுக்க மனசு வரவில்லை. நீங்க சிட்டத்தை முக்கினீங்க. நான் உங்களை முக்கிவிட்டேன்.

இப்போது முக்கியமானது. டாக்டர் சொன்னாரே, சிமெண்டைச் சுற்றித் தோல் மாதிரி வளரும் என்று. அது வெறும் உறை இல்லை, அண்ணி. அதில் ரத்தக் குழாய் ஓடும். நான் பஞ்சில் ஏற்றப் படாதபாடு படுகிற அதே புரதங்களை அந்தத் தோல் தானாகவே சுரந்து, கொஞ்சம் கொஞ்சமாக, அந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். எனக்கு நாலு வருஷமாகக் கைவராத வேலையை அபியின் கால் ஆறே வாரத்தில் செய்து வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சுரப்பு முதல் வாரங்களில்தான் அதிகம். போகப்போகக் குறையும். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரம் என்றார். பதிமூன்று வாரத்திலும் செய்கிறார்கள், நன்றாக வந்ததும் உண்டு, நான் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். பயமுறுத்த இதை எழுதவில்லை. இன்னும் ஒரு வாரம்கூட வேண்டாம்.

இடுப்பிலிருந்து எடுப்பது உயிருள்ள எலும்பு. அதற்கு ஈடாக எங்கள் லேபில் எதுவும் இல்லை. எடுத்த இடம் ஆறும், குழந்தைகளுக்குச் சீக்கிரமாகவே ஆறும்.

அண்ணனிடம் சொல்லிவிடுங்க. நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்ல வேண்டும்.

மஞ்சளும் பச்சையாக ஒளிரும், கருவி அளந்தது அதைத்தான்; அதற்காக ஒரு சொட்டும் வருத்தப்படாதீங்க. மேடமிடம் சொன்னேன். "ஆரணிக்காரங்க மஞ்சள் இல்லாம ஒரு நூல வெளிய விடுவாங்களா? நீ அந்த ஊர்ப் பொண்ணு, உனக்குத் தெரிய வாணாமா?" என்று கேட்டார்கள். எனக்குத்தான் அந்தக் கேள்வி.

பானு


சேவூர்
19.9.2024

அன்புள்ள பானுவுக்கு,

மூணு பேரும் வீடு வந்து சேர்ந்தோம். அபி சௌக்கியமாக, கொஞ்சம் கத்திக்கொண்டு இருக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்? மெலிந்துவிட்டாய் என்று வீடியோவில் பார்த்த உன் அண்ணன் சொல்கிறார்.

செப்டம்பர் 4 அன்று ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் நான் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். காய்ச்சல் இல்லை, ஆடிக்கும் சம்பந்தம் இல்லை, பயம் என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். "பயம்னு சொல்லியிருந்தா பத்து நிமிஷம் உக்காந்து பேசியிருப்பேன்மா. காய்ச்சல்னு சொன்னா நான் வேற என்னா செய்ய முடியும்?" என்றார். அவ்வளவுதான்.

உன் அண்ணனிடம் சொன்னதுதான் கஷ்டம். வேலூர் பஸ்ஸில், கண்ணமங்கலம் தாண்டின பிறகு சொன்னேன். அபி ஜன்னலோரம் தூங்கிகினு இருந்தாள். இறங்கும்போது, "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேருமா பயந்திருக்கலாமே" என்றார். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள, நான் பையை எடுத்துக்கொண்டேன்.

திறந்து பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். தோல் நன்றாகப் பிடித்திருக்கிறதாம், தொட்டால் ரத்தம் கசிந்ததாம். அது நல்லது என்றார். அதற்குள்ளே இடுப்பு எலும்பை வைத்து, தோலை மேலே மூடித் தைத்திருக்கிறார். நான் அந்தக் கால்பக்கம் உட்கார்ந்து, உன் கடிதத்தில் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆறே வாரத்தில் அவள் கால் செய்த வேலை. நான் அவள் காலை நம்பவே இல்லையே, பானு. வெளியிலிருந்து ஏதோ வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மயக்கம் தெளிந்ததும் அபி கேட்ட முதல் கேள்வி, "சிமெண்ட எனக்குக் குடுப்பாங்களா?" கொடுக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. இடுப்பு வலி நாலாம் நாளே குறைந்தது. நான் ஜூனிலிருந்து தூங்காமல் கிடந்தது அந்த இடுப்புக்காகத்தான்.

எலும்பு பிடிக்கிறதா என்று மாசாமாசம் எக்ஸ்ரே. இன்னும் ஒன்றும் தெரியவில்லை. காத்திருக்கிறோம், இந்தத் தடவை சொன்ன தேதிக்குப் போகிறோம்.

உன் அன்பு அண்ணி


ஐதராபாத்
14.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

தீபாவளிக்கு வர முடியாமல் போனதற்கு அபி அனுப்பிய கோப வாய்ஸ் மெசேஜ் கிடைத்தது. நலம். அவள் குரல் கேட்டதில் இன்னும் நலம்.

அக்டோபர் எக்ஸ்ரேயில் வெளிறிய புகை மாதிரி தெரிகிறது என்று அண்ணன் சொன்னார். அது புதிய எலும்பின் ஆரம்பமாக இருக்கலாம். டாக்டர் சொல்லும்வரை நான் சொல்லமாட்டேன். பாடம் கற்றுக்கொண்டேன்.

இங்கே ஒரு வேடிக்கை. உங்க சிட்டத்தை மேடம் தூக்கிப்போட விடவில்லை. "பட்டு மஞ்சளப் புடிச்சி வெச்சிகினு மூணு வாரமா மெதுவா விட்டுச்சா இல்லையா? அப்ப அதுக்கு வெச்சிருந்து குடுக்கத் தெரியுது. நம்ம புரதத்த அதுக்குப் புடிக்கல, அவ்ளோதான். புடிக்கிற மாதிரி பண்ணு" என்றார்கள். இப்போது பட்டில் புரதம் ஒட்டிக்கொள்ள ஒரு கைப்பிடி மாதிரி வேறொரு பொருளைக் கோக்கிறோம். வெறும் பஞ்சையும் முதல் நாளே அளந்துவிட்டேன். இரண்டு நாளில் நூற்றுக்கு எண்பது ஓடிக்கொண்டிருந்தது இப்போது நாற்பத்தைந்தாக நிற்கிறது. அழகான கோடு இல்லை. ஆனால் உண்மையான கோடு.

மஞ்சளால் எலும்பு வளரும் என்று தெருவில் யாரிடமும் சொல்லிவிடாதீங்க. அப்படி எதுவும் இல்லை. பழனி அண்ணனிடம் முக்கியமாகச் சொல்லாதீங்க.

இன்னொரு சிட்டம் வேண்டும். இதோடு அபிக்கு ஒரு சின்ன ஊதா டார்ச் அனுப்புகிறேன். இருட்டில் அடித்தால் மஞ்சள் பட்ட இடம் பளிச்சென்று எரியும். கண்ணில் மட்டும் அடிக்கக் கூடாது. இனிமேல் எங்கள் லேபுக்கு வரும் நூலுக்கு அவள்தான் இன்ஸ்பெக்டர் என்று சொல்லுங்க.

அன்புடன்
பானு


சேவூர்
23.1.2025

அன்புள்ள பானுவுக்கு,

எல்லாரும் சுகம். இதை எழுதும்போது கை எங்கேயும் நிற்கவில்லை.

நேற்று வேலூர் போய் வந்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, நாலு பக்கத்தில் மூணு பக்கம் எலும்பு சேர்ந்துவிட்டது, நாலாவதும் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று விரலால் காட்டினார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். ஜூன் படத்தில் வெறும் சிமெண்ட் கட்டி இருந்த இடம். கம்பிகளைக் கழற்றியாயிற்று, இன்ஸ்பெக்டரும் ஏட்டும் இடமாற்றலாகிப் போய்விட்டார்கள். முழங்கால் வரைக்கும் கட்டு போட்டு, வாக்கர் பிடித்து ஊன்றி நடக்கலாம் என்றார். நொண்டல் கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் பார்க்கலாம் என்றார். "அபிதகுசாம்பாள், ஜாமீன் குடுத்தாச்சு" என்று அவரும் சொல்லிவிட்டார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

சிட்டம் இதோடு வருகிறது. பழனியிடம் வாங்கிக்கொண்டு வந்து, எதிலும் முக்காமல் தறி அறையில் வைத்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு அபி டார்ச்சை எடுத்தாள். பட்டு லேசான நீலமாகத் தெரிந்தது, வேறு ஒன்றும் இல்லை. அப்புறம் வீட்டையே சோதனை போட்டாள். அடுக்களைச் சுவர் எரிந்தது. உன் அண்ணன் தறியில் புதுப் பாவின் முதல் இழை எரிந்தது. என் தாலிக்கயிறு எரிந்தது. என் விரல்களில் அடித்தாள். பத்து விரலும் விளக்கேற்றின மாதிரி நின்றன. காலையில் சாம்பாருக்குப் போட்ட மஞ்சள்.

"அம்மா, நீ இதத் தொடவே வாணாம். தள்ளி நில்லு" என்றாள்.

தள்ளி நின்றேன். அவள் கையைச் சோப்பு போட்டுக் கழுவி வந்து, வாக்கரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு துணியை விரித்தாள். முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டியிருந்தது. மேஜையை விட்டாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். உன் அண்ணன், "தொடாதன்னு சொன்னா இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முடிச்சு கொஞ்சம் கோணலாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதே. அது நின்றுகொண்டு போட்டது.

உன் அண்ணி
ஸ்வர்ணலதா